வாரம் ஒரு பக்கம்

பாராடாங் தீவில் போட்டோ பிரிண்டர் படுத்துவிட்டால், பழுது பார்ப்பதைவிட மெக்கானிக்கிடம் கொண்டுபோவதுதான் பெரிய வேலை. போர்ட் பிளேர் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) சுமார் 100 கி.மீ. தொலைவு. மிடில் ஸ்ட்ரெயிட் ஜலசந்தியைத் தாண்டி, ஜாரவா பழங்குடியினரின் காட்டு வழியே, போலீஸ் காவலோடு குறித்த நேரத்தில் மட்டும் கிளம்பும் வாகன வரிசையில் போக வேண்டும். இத்தனை அலைச்சலுக்கும் காரணம் பெரும்பாலும் காய்ந்துபோன துளி மைதான்.

இங்க்ஜெட் பிரிண்டரின் தலையில் நூற்றுக்கணக்கான துளைகள். ஒவ்வொன்றும் தலைமுடியைவிடச் சிறியது. மையில் பெரும்பகுதி தண்ணீர். அது ஆவியானால் சாயம் துளை வாயிலேயே கெட்டியாகிவிடும். படத்தில் வெள்ளைக் கோடு விழும். மெஜந்தா அடைத்தால் மணப்பெண்ணின் முகம் பச்சையாகும்.

கடலோர ஈரக் காற்றில் மை எப்படிக் காயும்? காய்வது தாமதமாகும், அவ்வளவுதான். ஏ.சி. அறையில் அந்தச் சலுகையும் கிடையாது. சுண்ணாம்புக் குகையையும் மண் எரிமலையையும் பார்க்க வரும் கூட்டம் மழைக்காலத்தில் குறையும்போது, சும்மா கிடக்கும் பிரிண்டருக்குத்தான் ஆபத்து.

தடுப்பது சுலபம். வாரம் ஒருமுறை எல்லா வண்ணங்களும் உள்ள ஒரு பக்கத்தை அச்சிடுங்கள். பிரிண்டரை அதன் பொத்தானில்தான் அணைக்க வேண்டும். அப்போதுதான் தலை ஓரமாகப் போய் ரப்பர் மூடியில் உட்காரும். சுவர் ஸ்விட்சைத் தட்டினாலோ, பாதியில் கரண்ட் போனாலோ, துளைகள் திறந்தே கிடக்கும். டீசல் மின்சாரத்தைப் பெரிதும் நம்பியிருக்கும் அந்தமானில், சின்ன யு.பி.எஸ். ஒன்று ஆடம்பரமல்ல.

அடைத்துவிட்டதா? முதலில் நாசில் செக் பாருங்கள். பிறகு இரண்டு, மூன்று முறை கிளீனிங். சரியாகாவிட்டால் ஓர் இரவு விட்டுவையுங்கள்; ஊறி இளகக்கூடும். கிளீனிங் பொத்தானையே அழுத்திக்கொண்டிருந்தால் மை தீரும். கழிவு மையை உறிஞ்சும் பஞ்சு நிறைந்து இயந்திரமே நின்றுவிடும். குண்டூசி கூடவே கூடாது. தீர்ந்த வண்ணத்தோடு ஓட்டவும் வேண்டாம். சூட்டால் மையைத் தள்ளும் தலைகள் கருகிவிடும்.

தீவில் கடை வைப்பவர்கள், வாங்கும்போதே ஒன்று கேட்க வேண்டும்: தலையை நாமே கழற்றி மாற்ற முடியுமா? சில மாடல்களில் கார்ட்ரிட்ஜோடு தலையும் புதிதாக வரும். மை விலை சற்று அதிகம். டேங்க் மாடல்கள் பலவற்றில் மை மலிவு, தலை நிரந்தரம். அது போனால் செலவு பிரிண்டர் விலையை நெருங்கலாம். சென்னையில் மை விலையைப் பார்த்தால் போதும். பாராடாங்கில் பயணச் செலவையும் ஒரு நாள் கூலியையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.