பயத்தை விற்பவர்களும் பலகையை விற்பவர்களும்

ஐம்பது வயதைத் தாண்டிய தமிழன் ஒருவன் என்னென்ன செய்யலாம் என்பதற்கு எழுதப்படாத சட்டமொன்று எங்களிடையே உண்டு. கோயில் திருப்பணிச் சபையில் இருக்கலாம். பழைய மாணவர் சங்கத் தலைவர் பதவிக்குப் போட்டியிடலாம். தோற்றால் இன்னொரு பழைய மாணவர் சங்கத்தைத் தொடங்கலாம். நீரிழிவுக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் குளிசை போட்டுக்கொண்டு, மாலை வேளையில் பேரங்காடிக்குள் நடைபயிலலாம். விசைப்படகின் பின்னால் கயிற்றைப் பிடித்தபடி ஒற்றைப் பலகையில் ஏரியைக் குறுக்கறுத்துச் சறுக்குவது இந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் இல்லை. ஐம்பத்து மூன்றாவது வயதில் ஒன்ராறியோ ஏரியொன்றில் நான் அதைக் கற்கத் தொடங்கியபோது வந்து சேர்ந்த அறிவுரைகளைத் தொகுத்தால் ஒரு சிறு நூலாகும். "ஐசே, உமக்கென்ன விசரே?" என்பது அவற்றுள் மிகவும் பண்பானது.

அந்த அறிவுரையாளர்களுக்கு இக்கட்டுரையில் பதில் சொல்ல விரும்புகிறேன். அவர்களுக்கு மாத்திரமல்ல, மறுகரையில் நின்றுகொண்டு, "வயது ஒரு பொருட்டேயில்லை, கடனட்டையை எடுங்கள்" என்று புன்னகைக்கும் கடைக்காரர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில், இது பணக்கார வெள்ளையரின் விளையாட்டு என்ற குற்றச்சாட்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மிசிசிப்பி ஆறு அகன்று ஏரியாகும் பெபின் ஏரியில், 1922ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் திகதி ரால்ஃப் சாமுவெல்சன் என்ற பதினெட்டு வயது இளைஞர் நீரின்மேல் எழுந்து நின்றார். பீப்பாய்ப் பலகைகளில் முயன்று தோற்றார். பனிச்சறுக்குப் பலகைகளில் முயன்று தோற்றார். பிறகு எட்டடி நீளமும் ஒன்பது அங்குல அகலமுமான இரு பைன் பலகைகளை வாங்கி, தாயாரின் செப்புப் பாத்திரத்தில் அவற்றின் முனைகளை வேகவைத்து மேல்நோக்கி வளைத்தார். காலைப் பிணைக்கத் தோற்பட்டி. பிடித்துக்கொள்ள, யன்னல்களில் பாவிக்கும் கயிறு. படகை ஓட்டியவர் அண்ணன் பென். இதில் பணக்காரத்தனம் எங்கே இருக்கிறது? காப்புரிமைகூட அவர் எடுக்கவில்லை. 1925இல் அதை எடுத்தவர் ஃபிரெட் வாலர். சாமுவெல்சன் பின்னர் வான்கோழி வளர்த்துப் பிழைத்தார். அவரை உலகம் மறந்துவிட்டது. 1960களில் பத்திரிகையாளர் ஒருவர் அந்தப் பழைய பலகைகளைப் பற்றி எழுதிய பிறகே, 1966இல் அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கம் அவரை இவ்விளையாட்டின் தந்தையென ஏற்றுக்கொண்டது. (எங்கள் தொழிலுக்கும் எப்போதாவது ஒரு புண்ணியம் உண்டு.)

வயதைப் பற்றிய பேச்சை விட, "எங்களுக்கும் தண்ணீருக்கும் சரிவராது" என்ற பேச்சே எனக்குக் கோபத்தை மூட்டுவது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்தவர்கள் இதைச் சொல்லலாமா? மூன்று பக்கமும் கடல். பாய்க்கப்பல் கட்டிய ஊர்களின் பிள்ளைகள் நாங்கள். போர்க்காலத்தில் கரையோரங்களைப் பாதுகாப்பு வலயங்களும் தடைகளும் மூடியதால் ஒரு தலைமுறை கடலில் கால் நனைக்காமலே வளர்ந்தது என்பது உண்மை. அது காரணம், சாட்டு அல்ல. 2016 ஓகஸ்ட் 24ஆம் திகதி இங்கிலாந்தின் கம்பர் சாண்ட்ஸ் கடற்கரையில் ஒரே நாளில் ஐந்து தமிழ் இளைஞர்கள் மாண்டார்கள். அந்தச் செய்தியைப் படித்தபின் எங்கள் வீடுகளில் எடுக்கப்பட்ட முடிவு என்ன? "தண்ணீர்ப் பக்கம் போகாதே." வீதி விபத்துச் செய்தியைப் படித்துவிட்டுப் பிள்ளையை வீதியில் நடக்க வேண்டாம் என்று எவரும் சொல்வதில்லை, கடக்கப் பழக்குகிறோம். ஏரிகள் நிறைந்த ஒரு நாட்டில் குடியேறிவிட்டு, தண்ணீரின் குணத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க மறுப்பது எச்சரிக்கையாகாது, அலட்சியமே. தகப்பனுக்குத் தெரியாததை மகன் தன் நண்பர்களிடமிருந்து அரைகுறையாகக் கற்றுக்கொள்வான். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

இனிக் கடைக்கு வருவோம்.

நான் போன கடையின் பெயர் வேண்டாம். எல்லாக் கடைகளும் ஏறத்தாழ இப்படித்தான். விற்பனையாளர் என் எடையைக் கேட்கவில்லை. எந்த வேகத்தில் சறுக்கப் போகிறேன் என்றும் கேட்கவில்லை. சுவரிலிருந்து எடுத்து நீட்டியது, காபன் இழையில் செய்த, ஒடுங்கிய, பளபளக்கும் போட்டிப் பலகை. விலையோ ஒரு பழைய காரின் விலை. "இதை வாங்கினால் பிறகு மாற்றத் தேவையில்லை" என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஸ்லாலம் பலகையைத் தெரிவு செய்ய வேண்டியது உங்கள் உடல் எடையையும் படகின் வேகத்தையும் கொண்டு. உயரம் இரண்டாம்பட்சம். விலை கணக்கிலேயே இல்லை. படகு மெதுவாகப் போனால் உங்களைத் தாங்க அதிகப் பரப்பு வேண்டும். ஆகவே பலகை நீளமாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். எண்பது கிலோ எடையுள்ளவர், மணிக்கு 45 கிலோமீற்றர் அளவில் பழகுகிறவர், 67 முதல் 69 அங்குலம் வரையான அகன்ற பலகையைத் தேட வேண்டும். போட்டிப் பலகை மணிக்கு 55, 58 கிலோமீற்றர் வேகத்தில் உயிர்பெறுவதற்காகச் செதுக்கப்பட்டது. அதன் அடிப்பகுதியில் நீளவாக்கில் ஆழக் குடைந்திருப்பார்கள். விளிம்பு நீரைக் கடித்துக்கொண்டு திரும்பும். வல்லவனுக்கு அது வரம். தொடக்கக்காரன் அதே பலகையில் எழும்பவே மாட்டான். அரைமணி நேரம் ஏரித்தண்ணீரைக் குடித்துவிட்டு, "எனக்கு வயது போய்விட்டது" என்று முடிவு கட்டுவான். பலகையின் பிழை வயதின் தலையில் விழுகிறது. கடைக்காரருக்கும் அறிவுரையாளருக்கும் இடையில் இப்படியொரு கூட்டு வியாபாரம் நடக்கிறது. ஒருவர் தவறான பலகையை விற்கிறார். மற்றவர் அந்தத் தோல்வியைத் தம் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்.

காலைப் பிணைக்கும் றப்பர்ச் சப்பாத்துப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்கால் முழுச் சப்பாத்திலும் பின்கால் வெறும் வாரிலும் இருப்பது தொடக்கக்காரனுக்கு வசதி. எழும்பும்போது பின்காலை வெளியே தொங்கவிட்டுச் சுக்கானைப் போலப் பாவிக்கலாம். இரண்டு கால்களுக்கும் சப்பாத்துப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, விழும்போது இரண்டு கால்களும் ஒன்றாகக் கழன்று வருகின்றனவா என்பதே. ஒன்று கழன்று மற்றது மாட்டிக்கொண்டால், அத்தனை நீளப் பலகையின் முறுக்கும் ஒரு கணுக்காலில் இறங்கும். "நல்லா இறுக்கமாய்ப் போடுங்கோ" என்று படகிலிருந்து சொல்லுகிற நண்பருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஆனால் இவையெல்லாவற்றையும்விடப் பாரதூரமானது உயிர்காப்பு அங்கி விடயம். கடைகளில் ஒரே கொழுவியில் இரண்டு வகை தொங்கும். ஒன்று அங்கீகாரம் பெற்ற உயிர்காப்பு அங்கி: சற்றுத் தடித்தது, பட்டிகள் உள்ளது, பார்வைக்கு அழகில்லாதது. மற்றது போட்டி அங்கி: மெல்லியது, உடலோடு ஒட்டுவது, இளைஞர்கள் விரும்புவது. இரண்டாவது, விழும் அடியிலிருந்து விலாவைக் காப்பதற்கானது. போதிய மிதவைத் திறன் அதற்கு இல்லை. உயிர்காப்பு அங்கி என்ற அங்கீகாரமும் இல்லை. உள்ளே தைத்திருக்கும் சிறு துணித்துண்டில் அதை எழுதியுமிருப்பார்கள், வாசிக்க முடியாத எழுத்தில். எங்கள் பெற்றோர் எதை வாங்குகிறார்கள்? இரண்டும் ஒன்றென்று நினைத்து, பிள்ளை ஆசைப்பட்டதை வாங்குகிறார்கள். மணிக்கு நாற்பது, ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் தலை நீரில் மோதினால் நீச்சல் வீரனும் சில கணங்கள் நினைவிழக்கக்கூடும். அந்தக் கணங்களில் அவனை மிதக்க வைப்பது அங்கி ஒன்றுதான். இதை விற்பனையாளர் வாய்திறந்து சொல்வதில்லை என்பது என் முறைப்பாடு. ஊர்க் கடையில் பாலுக்குத் தண்ணீர் கலந்தவனைக் கூட்டம்போட்டுத் திட்டிய நாங்கள், இங்கே மெளனமாகக் காசைக் கட்டிவிட்டு வருகிறோம். கனடாவில் வாங்குகிறவர்கள், போக்குவரத்துத் திணைக்களத்தின் அங்கீகாரம் பற்றிய வாசகம் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல், அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள்.

கற்றலுக்கு வருகிறேன். எங்கள் ஆண்களின் வழக்கமான நோய் ஒன்று உண்டு: எதையும் தோள்பலத்தால் வெல்லலாம் என்ற நம்பிக்கை. கயிறு இறுகியதும் கைப்பிடியை நெஞ்சுக்கு இழுப்பார்கள். உடனே பலகை முன்னால் போகும், மனிதர் பின்னால் போவார். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. முழங்கால்களை நெஞ்சோடு மடித்து, கைகளை நீட்டி, பந்துபோலச் சுருண்டு கிடக்க வேண்டும். படகு தன் வேலையைச் செய்யும். நீங்கள் எழும்புவதில்லை, உங்களை எழுப்புகிறார்கள். எனக்கு இது விளங்க மூன்று வார இறுதிகள் பிடித்தன. அதற்கு முன் இரட்டைப் பலகையில் நின்று, பிறகு ஒன்றை உதறிவிட்டுச் செல்லும் பழைய முறையில் நாலைந்து நாட்கள் பழகினேன். பெரியவர்களுக்கு அதுவே நல்ல வழி என்பது என் அபிப்பிராயம்.

அறிவுரையாளர்கள் பயமுறுத்த விரும்பினால் உண்மையான ஆபத்தைச் சொல்லிப் பயமுறுத்தட்டும். நடுவயதுத் தொடக்கக்காரர், எழும்பும் கணத்தில் முழங்கால்களை நீட்டிவிட்டு இடுப்பில் முன்னோக்கி மடிந்தால், தொடையின் பின்தசை இடுப்பெலும்போடு சேருமிடத்தில் அறுந்துபோகலாம். மருத்துவ ஏடுகளில் நீர்ச்சறுக்கோடு சேர்த்தே எழுதப்பட்டுள்ள காயம் இது. சில வேளைகளில் சத்திரசிகிச்சை வரை போகும். தடுப்பது எப்படி? கால்களை மடித்தே வைத்திருங்கள். சமநிலை போனால் கைப்பிடியை விட்டுவிடுங்கள். தமிழனுக்குக் கடினமானது இந்த இரண்டாவதுதான். பிடித்ததை விடுவது தோல்வியென்று பழக்கப்பட்டுவிட்டோம்.

படகோட்டுகிறவரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கோடையில் குடிசை வாடகைக்கு எடுத்து, படகும் எடுத்து, குளிர்பெட்டியில் பியரும் எடுத்து, "வா மச்சான், நான் இழுக்கிறேன்" என்பவர்கள் பலர். மச்சானுக்கு வேகமாக ஓட்டத் தெரியும். மெதுவாக ஓட்டத் தெரியாது. கனடியச் சட்டப்படி ஓட்டுபவரைத் தவிர, சறுக்குபவரையே பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் படகில் இருக்க வேண்டும். இழுக்கப்படுபவருக்கும் படகில் இருக்கை வேண்டும். பொழுதுபட்டு ஒரு மணித்தியாலத்திற்குப் பின் இழுக்கக் கூடாது. விழுந்தவரை ஏற்றும்போது இயந்திரம் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். கீழே விசிறி சுழல்கிறது. விருந்துக் கூட்டத்தில் இவற்றைச் சொல்லுகிறவனுக்குப் "பயந்தாங்கொள்ளி" என்று பெயர். நீர்ச்சறுக்குப் பள்ளியில், வயதில் என் மகளைவிட இளையவரான பயிற்றுநர், கவனிப்பாளர் வந்து அமரும்வரை இயந்திரத்தையே முடுக்க மாட்டார். யார் பயந்தாங்கொள்ளி என்று அந்த ஏரிக்கரையில் எவரும் விவாதித்ததில்லை.

ஸ்லாலம் என்பது நோர்வே மொழிச் சொல்; சரிவையும் தடத்தையும் குறிக்கும் இரு சொற்கள் சேர்ந்தது. ஒஸ்லோவில் வாழும் நண்பர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீரில் அது 259 மீற்றர் நீளத் தடம், ஆறு மிதவைகள், ஒவ்வொன்றும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீற்றர் தூரத்தில். ஆண்களுக்கான உச்ச வேகமான 58 கிலோமீற்றரில் பதினாறு வினாடிகளில் முடிந்துவிடும். அதன்பின் வேகத்தைக் கூட்டுவதில்லை, கயிற்றைக் குறைப்பார்கள்: 18.25, 16, 14.25 என்று. முன்னணி வீரர்கள் 9.75 மீற்றர் வரை போயிருக்கிறார்கள். கயிறு மிதவையைவிடக் குறுகியது! எஞ்சிய தூரத்தை நீட்டிச் சாய்ந்த உடலால் எட்டுகிறார்கள். நான் மிக நீண்ட கயிற்றில், மிக மெதுவான வேகத்தில், இரண்டு மிதவைகளைச் சுற்றுகிறேன். மூன்றாவதில் விழுகிறேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. இரண்டு மிதவைகளுக்கு முன் எனக்குத் தெரிந்த தண்ணீர், குளியலறைத் தண்ணீர் மாத்திரமே.

செலவைப் பற்றிக் கேட்கிறார்கள். படகு வாங்காதீர்கள், எந்த நிலையிலும் வாங்காதீர்கள். பயிற்சிப் பள்ளியில் தவணைக்குப் பணம் கட்டினால் படகும் பலகையும் அவர்களே தருவார்கள். அங்கியை மட்டும் புதிதாக, உங்கள் அளவில், சொந்தமாக வாங்குங்கள். பலகை தேவையென்று உறுதியானால் ஜூன் மாதத்தில் கடைக்குப் போகாதீர்கள். செப்ரெம்பரில் படகுகள் கரையேறும்போது, ஒரு கோடை மட்டும் பாவித்த அகன்ற பலகைகள் பாதி விலைக்கும் குறைவாக வரும். எடையை நிறுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். விற்பவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.