அறை வெப்பநிலையா... எந்த அறை?

ரெட் ஒயினை ‘அறை வெப்பநிலையில்’ பரிமாற வேண்டும் என்பார்கள். ஆரோவில்லை ஒட்டிய குயிலாப்பாளையத்தில், மே மாத மதியத்தில் இதைக் கடைப்பிடித்தால்? ஃபேனுக்கு அடியிலேயே 34 டிகிரி அடிக்கும். இந்த விதி பிறந்த ஐரோப்பியக் கல் வீடுகளில் அறை என்றால் 16 முதல் 18 டிகிரிதான்.

சூடான ஒயினில் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். பழ வாசம் அமுங்கிவிடும். பழியோ தயாரித்தவர் தலையில்!

இந்திய ஒயின் என்றாலே உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. பெங்களூரு அருகே நந்தி மலை அடிவாரத்தில், கன்வல் குரோவரின் குடும்பம் 1980-களில் பிரெஞ்சு திராட்சை ரகங்களை நட்டது. 1990-களில் போர்தோவின் புகழ்பெற்ற மிஷெல் ரோலான் ஆலோசகராக வந்தார். கேபர்னே சாவின்யோன், ஷிராஸ் திராட்சைகள் கலந்து, ஓக் பீப்பாயில் முதிரும் ‘லா ரிசர்வ்’ இந்தத் தோட்டத்துச் சரக்குதான். அதற்கு மதிப்பெண் போடுவதற்கு முன் பாட்டிலை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைப்பதுதான் நியாயம். அவசரமா? ஐஸ் தண்ணீர் வாளியில் கால் மணி நேரம்.

பிறகு மூக்கு. ஷிராஸில் மிளகு வாசம் வந்தால் அது கற்பனை அல்ல. ரோட்டன்டோன் என்ற ஒரே வேதிப்பொருள்தான் மிளகிலும் இருக்கிறது. அடுத்து துவர்ப்பு. குயிலாப்பாளையத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. முந்திரிப்பழத்தைக் கடித்ததும் நாக்கைப் பிடிக்குமே, அதே டானின்தான். நல்ல ஒயினில் அது பிடித்து, மெல்ல விட்டுவிடும், பழச்சுவை நிற்கும். தொண்டையைக் கரகரவென்று அறுத்தால் மார்க்கைக் குறைக்கலாம்.

கொதித்த ஜாம் வாசம் அடித்து, கார்க்கும் மேலே தள்ளிக்கொண்டிருந்தால், வழியிலோ கடையிலோ பாட்டில் வெந்திருக்கக்கூடும். தோட்டத்தைத் திட்ட வேண்டாம்.

(இதெல்லாம் 21 வயது நிரம்பியவர்களுக்கு. அவர்களிலும் தொழில்முறைச் சுவைஞர்கள் வாயில் சுழற்றித் துப்பிவிடுவார்கள். புதுச்சேரியில் வாங்கிய பாட்டிலோடு எல்லை தாண்டினால் மதுவிலக்கு போலீஸ் காத்திருக்கும்!)

இந்தக் கரைக்கு ஒயின் புதிதும் அல்ல. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக்கடலில் இருந்து வந்த ஆம்போரா ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூற்றின் 56-ம் பாட்டில் பேசும் நக்கீரர், அதன் மணத்தோடு குளிர்ச்சியையும் சேர்த்தே சொல்கிறார்.