கண்ணில் திரை விழுந்த மாதிரி இருக்கா? விழித்திரை விலகலுக்கு 3 சிகிச்சைகள்... எது யாருக்கு?

கண் ஆபரேஷன் என்றாலே கொங்கு மண்டலத்தில் பலருக்கும் நினைவுக்கு வருவது கண்புரைதான். முகாமில் பரிசோதனை, வேனில் பயணம், ஆபரேஷன், வீடு. 'மஞ்சள் வெட்டு முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று கொடுமுடி விவசாயி ஒருவர் புரை ஆபரேஷனைத் தள்ளிப் போட்டால்கூட பெரும்பாலும் பாதகமில்லை. இதே கணக்கை விழித்திரை விலகலுக்குப் போட்டால், நிரந்தரமாகப் பார்வை போகலாம்.

விழித்திரை ஏன் விலகுகிறது?

விழித்திரை, அதாவது ரெட்டினா, கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம். வயதாக ஆக கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லி சுருங்கும். அது சிலருக்கு ரெட்டினாவை இழுத்துக் கிழித்துவிடும். கிழிசல் வழியாக நீர் இறங்கினால், ஓதம் ஏறிய சுவரில் பூச்சு கழன்று வருவது போல ரெட்டினாவும் கழன்றுவிடும்.

திடீர் மின்னல் வெட்டு, கொசு பறப்பது போன்ற கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து நகர்ந்து வரும் நிழல். இவைதான் அறிகுறிகள். பொதுவாக வலி இருக்காது. அதனாலேயே பலர் தாமதமாக வருகிறார்கள். அதிக மைனஸ் பவர் உள்ளவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள், புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 'அதான் ஆபரேஷன் பண்ணியாச்சே' என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

சொட்டு மருந்தாலோ மாத்திரையாலோ இது சரியாகாது. கிழிசல் மட்டும் இருக்கும்போதே வந்துவிட்டால், பெரும்பாலும் லேசர் சிகிச்சையே போதும். விலகிவிட்டால் என்ன வழி?

1. கேஸ் ஊசி (நியூமாடிக் ரெட்டினோபெக்ஸி)

கண்ணுக்குள் வாயுக் குமிழியைச் செலுத்தி, அது கிழிசலை அழுத்தும்படி தலையைச் சாய்த்து வைக்கச் சொல்வார்கள். லேசர் அல்லது உறைய வைக்கும் சிகிச்சையால் கிழிசலை ஒட்டுவார்கள். செலவு குறைவு, தையல் இல்லை. குமிழி மேல்நோக்கித்தான் போகும் என்பதால், கிழிசல் சிறியதாகவும் ரெட்டினாவின் மேல்பாதியிலும் இருந்தால்தான் பொதுவாக இது பொருந்தும்.

2. ஸ்க்லீரல் பக்கிள்

கண்ணின் வெளிச்சுவரில் சிலிக்கான் பட்டையைத் தைத்து, சுவரை உள்பக்கமாக அழுத்தி ரெட்டினாவுடன் சேர்க்கும் முறை. இயற்கையான லென்ஸ் உள்ள இளம் வயதினருக்கு நல்ல தேர்வு. ஆபரேஷனுக்குப் பின் வலி கொஞ்சம் அதிகம். மைனஸ் பவர் கூடும். சிலருக்கு பொருள்கள் இரண்டாகத் தெரியலாம்.

3. விட்ரெக்டமி

மிகச் சிறிய துளைகள் வழியாக ஜெல்லியை அகற்றி, ரெட்டினாவைப் படியவைத்து, வாயு அல்லது சிலிக்கான் ஆயிலை நிரப்புவார்கள். பெரிய, சிக்கலான கிழிசல்களுக்கு இதுதான் கைகொடுக்கும். இயற்கை லென்ஸ் உள்ளவர்களுக்கு, குறிப்பாக 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, பின்னாலேயே புரை வரும். ஆயில் வைத்தால் அதை எடுக்க பெரும்பாலும் சில மாதங்களில் இன்னொரு ஆபரேஷன் தேவைப்படும்.

அப்போ எதுதான் பெஸ்ட்?

கனடாவின் டொராண்டோவில் 176 பேரிடம் நடந்த 'பிவோட்' ஆய்வு 2019-ல் வெளியானது. மேல்பாதியில் கிழிசல் உள்ளவர்களிடம் கேஸ் ஊசியையும் விட்ரெக்டமியையும் ஒப்பிட்டார்கள். முதல் முயற்சியிலேயே ரெட்டினா ஒட்டியது ஊசியில் சுமார் 81%, விட்ரெக்டமியில் சுமார் 93%. ஓராண்டு கழித்து பார்வையைச் சோதித்தபோது, ஊசி போட்டவர்கள் சராசரியாக சுமார் 5 எழுத்துகள் கூடுதலாகப் படித்தார்கள். கோணலாகத் தெரியும் தொல்லையும் அவர்களுக்குக் குறைவு.

2007-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு பக்கிளையும் விட்ரெக்டமியையும் ஒப்பிட்டது. இயற்கை லென்ஸ் உள்ளவர்களுக்குப் பக்கிளில் பார்வை மேலாக இருந்தது. புரை ஆபரேஷன் ஆனவர்களுக்கு விட்ரெக்டமியில் ரெட்டினா நன்றாக ஒட்டியது.

அதாவது, பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்த ஆபரேஷனே உங்களுக்கும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கிழிசல் எங்கே, வயது என்ன, லென்ஸ் எது என்பதைப் பார்த்துதான் டாக்டர் முடிவு செய்வார்.

ஊரிலிருந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டியது

ஈரோடு, கரூர் ரயில் பாதையில் இருக்கும் கொடுமுடியிலிருந்து கோவைக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். அங்கே அரவிந்த், சங்கரா போன்ற கண் மருத்துவமனைகளில் விழித்திரைக்குத் தனிப் பிரிவு உண்டு. கேஸ் ஊசி போட்டால் மறுநாள் தொடங்கி அடுத்தடுத்து செக்கப் இருக்கும். ஒவ்வொரு முறையும் ஊருக்குப் போய் வர முடியாதவர்கள், கோவையில் உறவினர் வீட்டில் தங்க முடியுமா என்று யோசித்துவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று ரொம்ப முக்கியம். கண்ணில் வாயு இருக்கும்வரை ஊட்டி, வால்பாறை, கொடைக்கானல் பக்கம் போகவே கூடாது, விமானமும் கூடாது. உயரம் ஏறும்போது வாயு விரிந்து கண் அழுத்தம் எகிறி, பார்வையே பறிபோகலாம். வாயு கரைய, வகையைப் பொறுத்து சில நாள் முதல் 2 மாதம் வரை ஆகும். இதற்கிடையில் வேறு ஆபரேஷனுக்கு மயக்க மருந்து தேவைப்பட்டால், கண்ணில் வாயு இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், அந்த மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எத்தனை நாள் அவகாசம்?

நேராகப் பார்க்க உதவும் மையப்பகுதி மேக்குலா. அது விலகுவதற்கு முன் வந்தால், அன்றோ மறுநாளோ சிகிச்சை செய்து நல்ல பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். அதுவும் விலகிவிட்டால், ரெட்டினா ஒட்டினாலும் பழைய தெளிவு முழுசாகத் திரும்பாமல் போகலாம். அப்போதும் சில நாட்களுக்குள் செய்வது நல்லது.

எனவே நிழல் தெரிந்த அன்றே கிளம்புங்கள். வீட்டில் பெரியவர்கள் 'கண்ணுல ஏதோ மறைக்குதுங்க' என்று சொன்னால், ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் மறைத்தால், முகாம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.