ஓட்டு போளூரில், உழைப்பு ஒரகடத்தில்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கிடும் ஒரகடம் சந்திப்பில், இரவு ஷிப்ட் மாறுகிற வேளையில் அரைமணி நேரம் நின்று பார்த்தவர்களுக்கு, கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்பதும், கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் சாப்பாட்டுப் பையுமாக இருபது இருபத்திரண்டு வயதுப் பெண்கள் இறங்கிப் பாதி உறக்கத்தோடு தத்தம் விடுதிகளை நோக்கி நடப்பதும் பழகிய காட்சியாகவே இருக்கும். சில மாதங்களுக்கு முன் அங்கே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெண், தான் தங்கியிருக்கும் விடுதியில் மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றும், வேலை முடிந்து போனதும் லாரித் தண்ணீருக்கு வாளி வைத்துக் காத்திருக்க வேண்டும் என்றும் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இதையெல்லாம் எம்.எல்.ஏ.விடம் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "எங்க எம்.எல்.ஏ. போளூர்ல இருக்காரு, சார். எனக்கு ஓட்டு அங்கதான். பார்லிமெண்ட் எலெக்‌ஷனுக்குக்கூட ராத்திரி பஸ்ல நின்னுகிட்டே போய்ப் போட்டுட்டு வந்தேன். இங்க இருக்கிறவரு இங்க இருக்கிறவங்களுக்கு." நீயும் இங்கேதானே இருக்கிறாய் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் எழுந்து வந்தேன்.

நமது சட்டமன்றத்தின் கேள்வி நேரத்தை ஊன்றிக் கவனித்தவர்கள் அந்தப் பெண்ணின் அபிப்பிராயத்தில் பிழை காண மாட்டார்கள். 234 உறுப்பினர்களும் எழுந்து கேட்பது பெரும்பாலும் அவரவர் தொகுதியைப் பற்றித்தான்: இன்ன ஊராட்சியில் துணை சுகாதார நிலையம் அமைக்க அரசு முன்வருமா, இன்ன ஊரில் தரைப்பாலத்தை மேம்பாலமாக்க அரசு ஆவன செய்யுமா என்பவை அங்கே நாள்தோறும் ஒலிக்கும் வாசகங்கள். அமைச்சரின் விடையும் (அ), (ஆ), (இ) என்று வரிசைப்பட்டு வரும். (அ)வுக்கு 'அத்தகைய கருத்துரு ஏதும் இல்லை' என்று சொல்லிவிட்டால் (ஆ)வும் (இ)யும் 'எழவில்லை' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். இந்தச் சம்பிரதாயத்தைப் பரிகசிப்பது சுலபம். நான் பரிகசிக்க வரவில்லை. ஊருக்கு ஒரு பாலம் வேண்டும் என்று கேட்கும் உறுப்பினர் தம் கடமையைத்தான் செய்கிறார். பெற்ற ஓட்டுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அவர். என் கவலை, எந்த உறுப்பினருக்கும் ஓட்டாக எண்ணப்படாமல், ஆயிரக்கணக்கில் ஒரே பிரதேசத்தில் வந்து குடியிருப்பவர்களின் தண்ணீரையும் சோற்றையும் பற்றிய வினாவை யார் எழுப்புவது என்பதுதான்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை எழும்பிய 1990களின் பிற்பகுதியிலிருந்து இந்த வட்டாரம் வளர்ந்த வேகத்தை விஸ்தரிக்கத் தேவையில்லை. சுங்குவார்சத்திரத்திலும், வல்லம் வடகாலிலும், ஒரகடத்திலும் தொழிற்சாலை வாசல்களில் நுழைகிறவர்களில் பெருந்தொகையினர் திருவண்ணாமலை, விழுப்புரம் போன்ற மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார் முதலிய தூர தேசங்களிலிருந்தும் வந்தவர்கள். வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில் வாக்காளராகப் பதிந்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறதே, அவர்கள் இங்கேயே பதிந்துகொள்ளலாமே என்று ஆட்சேபிக்கலாம். ஆனால் ரேஷன் கார்டு ஊரில், ஆதார் முகவரி ஊரில், ஏஜென்சி மூலம் கிடைத்த வேலையோ அடுத்த வருஷம் இருக்குமா என்ற சந்தேகத்தில். விடுதிக்கு வாடகை ரசீதுகூடக் கிடைக்காத ஒருவர், தாய் தகப்பன் பெயருள்ள பட்டியலிலிருந்து தம் பெயரைப் பெயர்த்துக்கொண்டு வரவேண்டும் என்பது, கேட்கிறவருக்கு எளிதாகவும் செய்கிறவருக்கு அசாத்தியமாகவும் இருக்கிற யோசனை.

2021 டிசம்பர் மாதத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். சுங்குவார்சத்திரத்திலுள்ள பாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதி ஒன்றில், கெட்டுப்போன உணவை உண்டு நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவவே, அவர்களுடைய தோழியர் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். குளிரில், இரவு முழுவதும், எங்கள் தோழிகள் எங்கே, எங்கள் சோற்றை யார் சமைத்தார்கள், அதைப் பார்வையிட்டவர் யார் என்று அவர்கள் கேட்டவை, யோசித்துப் பார்த்தால், சட்டமன்றத்தில் நட்சத்திரக் குறியிட்ட வினாக்களாக அச்சாகியிருக்க வேண்டியவை. ஆனால் செப்டம்பரில் ஒத்திவைக்கப்பட்ட பேரவை அப்போது கூட்டத்தில் இல்லை. அடுத்த கூட்டத்தொடர் 2022 ஜனவரி 5 அன்று தொடங்கியது. மறுநாள்தான், தமிழக வரலாற்றில் முதன்முறையாக, கேள்வி நேரம் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. கேள்வி கேட்பதை நாடு காண வேண்டும் என்று காமிரா சபைக்குள் வந்துசேர்ந்தது, மூன்று வாரங்களுக்கு முன்பே நடுச்சாலையில் கேள்வி கேட்டுமுடிந்த பிறகு.

பேரவை கூடியிருந்தாலும் அந்த வினாவை எந்த அமைச்சரை நோக்கி விடுப்பது? தொழிற்சாலை காஞ்சிபுரம் மாவட்டத்தில், படுக்கை திருவள்ளூர் மாவட்டத்தில். பெண்கள் விடுதிக்கு உரிமம் வழங்குவது 2014ஆம் வருஷத்து விடுதிகள் சட்டம். அது சமூக நலத்துறையின் விஷயம். சோற்றைப் பரிசோதிப்பது உணவுப் பாதுகாப்பு அதிகாரி; அவர் சுகாதாரத்துறை. தொழிற்சாலைக்குள் நடப்பது தொழிலக பாதுகாப்பு இயக்ககத்தின் பொறுப்பு; அது தொழிலாளர் துறை. நிலமும் உள்சாலையும் 1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனத்துக்குரியவை; அது தொழில்துறை. விடுதிக் குழாய்த் தண்ணீர் ஊராட்சியைச் சேர்ந்தால் ஊரக வளர்ச்சித்துறை. காய்ச்சல் கண்டால் இ.எஸ்.ஐ.; அதன் ஒரு கால் டெல்லியில், மறுகால் சென்னையில். ஓர் அமைச்சர் தம் துறைக்கு உட்பட்டதற்கு மட்டுமே விடை சொல்வார் என்பது நியாயமான விதிதான். ஆயினும், ஒரு தட்டுச் சோறு ஐந்து துறைகளின் மேஜைகளைக் கடந்து ஒரு பெண்ணின் கையில் வந்து சேர்கிறபோது, ஐந்து அமைச்சர்களும் தத்தம் பங்கில் தவறில்லை என்று மெய்யாகவே சொல்ல முடியும், பெண்ணோ ஆஸ்பத்திரியில் கிடப்பாள். இந்தச் சிதறலே இவ்வட்டாரத்துப் பொதுச் சேவையின் முதல் வியாதி என்பது என் கருத்து. பிற்பாடு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்குவதற்கு சிப்காட் கட்டிய குடியிருப்பு திறக்கப்பட்டது பெரிய காரியமே. அங்கே இடம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். இடம் கிடைக்காதவர்கள் இன்னும் தனியார் விடுதிகளிலும், வீட்டு மாடிகளிலும்தான் இருக்கிறார்கள்.

இதே கதை 2024இலும் திரும்பிற்று. சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிற்சாலையில் சங்கத்தைப் பதிவு செய்யும் உரிமையையும் ஊதியத்தையும் முன்னிறுத்தி செப்டம்பர் 9 அன்று ஆரம்பித்த வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. சங்கத்தைப் பதிவு செய்வது, அன்று நடைமுறையிலிருந்த 1926ஆம் வருஷத்துச் சட்டப்படி, அரசு அதிகாரி ஒருவர் ஆற்றவேண்டிய சேவை. அதில் தாமதம் ஏன் என்று கேட்பதைவிட எளிய வினா ஒரு சட்டமன்றத்துக்கு இருக்க முடியாது. ஆனால் ஜூன் கடைசியில் ஒத்திவைக்கப்பட்ட பேரவை டிசம்பரில்தான் மறுபடி கூடியது, அதுவும் இரண்டே நாளுக்கு. மூன்று அமைச்சர்கள் பேச்சுவார்த்தை நடத்தினார்கள், உயர்நீதிமன்றம் விசாரித்தது, 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. அமைச்சரிடமும் நீதிபதியிடமும் போக வழி கண்ட விவகாரம், பிரதிநிதிகள் சபைக்குப் போக வழி காணவில்லை. ஆண்டுக்கு நூறு நாள் சட்டமன்றம் கூடும் என்று 2021 தேர்தலில் கொடுக்கப்பட்ட வாக்குறுதியை இங்கே நினைவூட்டினால் கட்சி பேசுவதாகச் சிலர் நினைக்கலாம். எந்தக் கட்சியின் ஆட்சியிலும் சபை கூடும் நாட்கள் அற்பமாகத்தான் இருந்துவந்திருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இந்த வட்டாரத்தின் வாழ்வு சபைக்குள் நேராக நுழைந்த ஒரு நாள் உண்டு: 2023 ஏப்ரல் 21. தினசரி வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க வழிசெய்யும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா, கூட்டத்தொடரின் கடைசி நாளில், குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. மூன்று நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. உறுப்பினர்கள் மனம் வைத்தால் எவ்வளவு விரைவில் அரசு செவிசாய்க்கும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. அன்று வெளிநடப்புச் செய்தவர்களில் எவரும் அது என் தொகுதிப் பிரச்சினை அல்லவே என்று தயங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி கேட்கும் உரிமை நமக்கு ஒரே நாளில் வந்ததல்ல. 1892ஆம் வருஷத்துச் சட்டம் மாகாண சபை உறுப்பினர்களுக்கு வினா விடுக்க மட்டும் அனுமதி தந்தது. விடை திருப்தியில்லை என்றால் துணை வினாக் கேட்கும் உரிமை, அதுவும் முதல் வினாவைக் கேட்டவருக்கு மட்டும், 1909இல் கிடைத்தது. அந்தக் காலத்துச் சென்னைச் சட்டசபையில் 1923 முதல் அமர்ந்த இரட்டைமலை சீனிவாசன் இதே செங்கற்பட்டு ஜில்லாவில் பிறந்தவர். மக்கள் ஓட்டளித்து வந்தவரல்ல, நியமன உறுப்பினர். சொத்தும் வரியும் உடையவர்களுக்கே ஓட்டு என்றிருந்த நாளில், அவர் யாருக்காகப் பேசினாரோ அந்த ஜனங்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஓட்டே கிடையாது. அப்படியிருந்தும் 1924இல், பொதுச்சாலையும் கிணறும் சாவடியும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் உரியவை என்ற தீர்மானத்தை அவர் அந்தச் சபைக்குக் கொண்டுவந்தார். கிணற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசுவதற்குத் தம் பின்னால் எத்தனை ஓட்டு இருக்கிறது என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

ஆகவே நான் கேட்பது புதுமையான காரியமல்ல. போளூர் உறுப்பினரும், செஞ்சி உறுப்பினரும், தங்கள் வாக்காளர் வீட்டுப் பிள்ளைகள் மாதத்தில் இருபத்தாறு நாள் எங்கே உறங்குகிறார்கள், என்ன உண்கிறார்கள் என்று ஒருமுறை நேரில் வந்து பார்த்து, ஒரகடத்து விடுதிகளில் எத்தனைக்கு உரிமம் உண்டு என்ற ஒரே வினாவை ஐந்து துறை அமைச்சர்களிடமும் ஒரே கூட்டத்தொடரில் விடுத்தால், அந்த ஐந்து விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதே பெரிய பிரயோஜனமாக இருக்கும். 'எழவில்லை' என்று ஐவரும் சொல்வது கடினம்.

இன்னொரு வாசலும் உண்டு. அதைப் பலர் அறியார்கள். பேரவையின் மனுக்கள் குழு மாவட்டந்தோறும் சுற்றுப்பயணம் செய்து ஜனங்களிடம் மனு வாங்குகிறது. நம் அதிகாரிகள் மனு வாங்கும் நாளுக்கு மனுநீதி நாள் என்று பெயர் சூட்டியிருக்கிறார்களே, அந்த மனுநீதிச் சோழன் கதையில் ஆராய்ச்சி மணியை இழுத்தது ஒரு பசு. அது எந்தத் தொகுதிப் பட்டியலில் இருந்தது என்று எவரும் விசாரிக்கவில்லை. மனுக்கள் குழுவின் அறிவிப்பிலோ மனு ஒரே ஒரு பிரச்சினையைப் பற்றியதாகவும், ஒரே ஒரு துறையைச் சார்ந்ததாகவும், ஐந்து பிரதிகளோடும் இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் காணப்படுகின்றன. ஒரு தட்டுச் சோற்றை எந்த ஒரு துறைக்குள் அடக்குவது என்று அந்த விடுதிப் பெண் திகைக்காதிருக்க, அந்த 'ஒரே ஒரு துறை' என்ற வாசகத்தை இப்பிரதேசத்துக்காவது குழு தளர்த்த வேண்டும். கலெக்டர் ஆபீசில் பகல் பதினொரு மணிக்குக் கூடினால் முதல் ஷிப்ட் தொழிற்சாலைக்குள் இருக்கும், இரவு ஷிப்ட் உறங்கிக்கொண்டிருக்கும். ஆகையால் ஒருநாள் ஒரகடத்திலேயே, இரவு பத்து மணிக்குமேல், குழு உட்கார வேண்டும்.

ஐந்து பிரதிகளைப் பற்றிக் கவலையில்லை. ஏஜென்சிக்காரர்கள் வேலையில் சேர்க்கும்போது ஆதார் நகல் கேட்பதால், சந்திப்புக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடை பதினொரு மணி வரை திறந்திருக்கிறது.