அளவு தெரியாதவர்கள் யார்?

"பிள்ளைக்கு எவ்வளவு ஊட்டணும்னுகூட இந்தச் சனங்களுக்குத் தெரியல." ஆஸ்பத்திரியிலும் ஊட்டச்சத்துக் கூட்டங்களிலும் படித்தவர்கள் ஓயாமல் சொல்லும் வசனம் இது. பிள்ளைக்கு எடை குறைந்தால் குற்றவாளி தாய். அதுவும் சேரித் தாய் என்றால் விசாரணையே வேண்டாம், தீர்ப்பு தயார்.

அளவு என்ன வேத ரகசியமா? உலக சுகாதார நிறுவனம் சொல்வதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பால் மட்டும் போதாது; பாலோடு சோறும் வேண்டும். முதலில் வேளைக்கு இரண்டு மூன்று பெரிய ஸ்பூன். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, 250 மில்லி கிண்ணத்தில் அரைக் கிண்ணம். 8 மாதம்வரை நாளைக்கு 2, 3 வேளை. 9 மாதத்திலிருந்து 3, 4 வேளை. ஒரு வயதுக்குமேல் முக்கால் கிண்ணம், முழுக் கிண்ணம். மிச்சத்தைப் பிள்ளையே சொல்லும். பசிச்சா வாயைத் திறக்கும், ஸ்பூனை எட்டிப் பிடிக்கும். போதும்னா தலையைத் திருப்பிக்கும், வாயை இறுக்கிக்கும். திணிக்கவும் கூடாது, அவசரப்பட்டுக் கிண்ணத்தை எடுத்துவிடவும் கூடாது.

அளவைப் போலவே முக்கியம் கெட்டி. 7 கிலோ பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் 200 மில்லிதான் கொள்ளும். அதில் கஞ்சித்தண்ணியை ஊற்றினால் வயிறு நிறையும், உடம்பு ஏறாது. ஸ்பூனிலிருந்து வழியாமல் நிற்கிற குழைசோறு, மசித்த பருப்பு, முட்டை, கீரை வேண்டும்.

எட்டு மாதப் பிள்ளையோடு எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போனபோது நானும் கூடப் போனேன். "தண்ணிக் கஞ்சியக் குடுத்துட்டு எடை ஏறலன்னு இங்க வந்து நிப்பீங்க. பெத்துப்போட மட்டும் தெரியும்" என்றார் டாக்டரம்மா. அவள் தலை குனியவில்லை. "காலைல ஏழு மணிக்கு நடவுக்குப் போறேம்மா, பொழுது சாயத்தான் வர்றேன். வீட்ல கண்ணு சரியாத் தெரியாத கெழவி. கெட்டியாக் குடுத்தா தொண்டையில சிக்கிக்கும்னு பயந்து தண்ணியாக் கரைச்சு ஊத்துது. நீங்க மூணு வேளைங்கிறீங்க. நான் வீட்ல இருக்கிறதே ஒரு வேளை" என்றாள். டாக்டரம்மா அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

குறை அறிவில் இல்லை, நேரத்தில். முகம் பார்த்து ஊட்டணும்னா முகம் பார்க்க ஆள் வேணும். அந்த நேரத்தை யார் யாருக்குப் பங்கு போட்டார்கள்? கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு 2017 சட்டத்திருத்தம் சம்பளத்தோடு 26 வாரம் தந்தது. தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம். நல்லது, அது உரிமை. நாற்று நடுகிறவளுக்கு? தவணை தவணையாக உதவித்தொகை, அதுவும் வந்தால். நிலம் அவளிடம் இல்லை. இல்லாமல் வைத்தது சாதி. கூலிக்குப் போகாவிட்டால் உலை கொதிக்காது. பிள்ளையின் அரைக் கிண்ணம் அடுப்படியில் அல்ல, ஆண்டையின் வரப்பில் தீர்மானமாகிறது.

பால்வாடி இருக்கே என்பார்கள். தலித், பழங்குடிக் குடியிருப்புகள் எல்லாவற்றிலும் பால்வாடி வேண்டும் என்று 2004இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. கட்டடம் ஊர்த்தெருவில் இருந்தால் சேரிப் பிள்ளை யார் வாசலைக் கடந்து போகும்? போனாலும் ஆறு மாதப் பிள்ளைக்குக் கிடைப்பது வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவு பாக்கெட். பாக்கெட் ஊட்டுமா? வேலையிடத்தில் ஐந்து பிள்ளைகள் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தச் சொன்னது 2005 வேலை உறுதிச் சட்டம். எங்கள் ஏரி வேலையில் நான் கண்டது வேலமரத்தில் கட்டிய தூளிதான்.

நாடு முழுக்க 6 முதல் 23 மாதப் பிள்ளைகளில் போதுமான உணவு பெறுவோர் நூற்றுக்குச் சுமார் 11 பேர்தான் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. மிச்சம் 89 தாய்களும் முட்டாள்களா?

தோழர்களே, சேரிக்குள் அளவு சொல்லிக்கொடுக்கப் போகிற மாணவ நண்பர்களே, போங்கள், கெட்டியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். அதோடு நிறுத்திவிட்டால் நீங்களும் அந்த டாக்டரம்மாதான். கூலிக்காரிக்கும் சம்பளத்தோடு ஓராண்டு. சேரிக்குள்ளேயே பகல் முழுக்கத் திறந்திருக்கும் பிள்ளைக்காப்பகம். அங்கே முட்டையோடு கெட்டிச் சோறு, ஊட்ட ஆள். இதைச் சேர்த்துக் கேளுங்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் வயிற்றின் அளவு தெரியும். அளவு தெரியாதது அரசுக்குத்தான்.