கையுறை தனியாளின்ர சாமான் இல்லை

பனிக்கால இரவில் வேட்டைக்குப் போற ஒருத்தருக்கு முதல் எதிரி மிருகம் இல்லை, தன்ர விரல்தான். விரல் விறைச்சுப் போச்செண்டா துவக்கின் விசையை இழுக்கேலாது, முடிச்சை அவிழ்க்கேலாது, ஒரு நெருப்புக்குச்சியைக்கூட உரசேலாது. சரி, கையை எப்பிடிச் சூடா வைச்சிருக்கிறது? இண்டைக்கு இந்தக் கேள்விக்குக் கிடைக்கிற பதில்களில் முக்கால்வாசி கடைச் சாமான் பட்டியல்தான். பற்றரி போட்ட கையுறை, உள்ளங்கையில் வைக்கிற சூட்டுப் பொதி, அதுக்கு மேல இன்னொரு கையுறை. வாங்கு, போடு, போ. மிச்சம் உன்ர மன உறுதி.

இந்தப் பதிலில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. சாமான் வேலை செய்யாது எண்டு சொல்ல வரவில்லை. கையின் சூடு ஒரு தனியாளின் விஷயம் எண்டு அது நம்ப வைக்கிறதுதான் பிரச்சினை.

முதல்ல உடம்பைப் பார்ப்பம். விரல்களை அசைக்கிற பெரிய தசைகள் முன்கையில்தான் இருக்கின்றன, விரலுக்குள் தசை கிட்டத்தட்ட இல்லை. அதனால் விரல் தானாகச் சூட்டை உண்டாக்க மாட்டாது. இரத்தம் கொண்டு வந்தால்தான் உண்டு. நெஞ்சும் வயிறும் குளிரத் தொடங்கினால் உடம்பு கைக்குப் போற இரத்தத்தைக் குறைச்சு, உள்ளுறுப்புகளைக் காப்பாற்றப் பார்க்கும். அதாவது கையுறை எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் நெஞ்சும் கழுத்தும் தலையும் குளிர்ந்தால் கை விறைக்கும். 1930இல் தோமஸ் லூயிஸ் எண்ட பிரித்தானிய மருத்துவர் இன்னொண்டையும் விவரிச்சார். பனிநீருக்குள் விரலை வைச்சால் இரத்தக் குழாய்கள் முதல்ல இறுகும், சில நிமிடத்தில் கொஞ்சம் திறக்கும், பிறகு திரும்ப இறுகும். இப்பிடி மாறி மாறி நடக்கிறதுக்கு அவர் வைச்ச பெயர் 'ஹண்டிங்', வேட்டை. உண்மையான வேட்டைக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை, குழாய்கள் தேடித் தடுமாறுவது போல இருந்ததால் வந்த பெயர் அது. ஆனால் கையைக் காப்பாற்ற உடம்பு ஓரளவுக்கு மேல் ஒண்டும் செய்யாது எண்டது அதிலிருந்தே விளங்கும்.

உடம்பு கைவிடுற இடத்தில்தான் சமூகம் தொடங்குது. இதுக்கு இனுவிட் மக்களை விட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது. சின்ன வயசில் 'எஸ்கிமோ' எண்டு நாங்கள் படிச்ச ஆக்கள்தான் இவர்கள். அந்தப் பெயரை அவர்களில் கனபேர் விரும்புவதில்லை.

வட துருவப் பக்கத்தில் குளிர்காலச் சூரியன் மாதக்கணக்கில் எழும்பாது. அங்க 'இரவு வேட்டை' எண்டு தனியா ஒண்டு இல்லை, வேட்டை எண்டாலே இருட்டில்தான். நிலவும் நட்சத்திரமும் பனியில் தெறிக்கிற வெளிச்சமும்தான் துணை. கடல் உறைஞ்சு கிடக்கும். அதுக்குக் கீழே வாழ்கிற சீல், மூச்சு விடுறதுக்காகப் பனியில் பல துளைகளை வைச்சிருக்கும். எந்தத் துளைக்கு எப்ப வரும் எண்டு தெரியாது. வேட்டைக்காரர் ஒரு துளைக்குப் பக்கத்தில் எறியீட்டியோடு மணிக்கணக்கில் நிற்க வேணும். கால் மாற்றி மிதிச்சால் சீலுக்குக் கேட்கும், கையைத் தட்டிச் சூடாக்கினாலும் கேட்கும். 'குளிருதா, உடம்பை அசை' எண்ட எங்கட வழமையான வைத்தியம் அங்க செல்லாது. அசையாமல் நிற்கிறவரின் கையைச் சூடா வைச்சிருக்க வேணும், அதுவும் சைபருக்குக் கீழே 30 பாகைக் குளிரில்.

அதைச் செய்தது கரிபு மானின் தோல். அந்த மயிரின் உள்ளே காற்று அடைபட்டுக் கிடக்கும், அதுதான் குளிரை மறிக்கிறது. உள்சட்டைக்கு மயிர் உள்பக்கம், வெளிச்சட்டைக்கு மயிர் வெளிப்பக்கம், இரண்டுக்கும் நடுவில் இன்னொரு காற்றுப் படை. கையுறையில் நாலு விரலும் ஒரே அறைக்குள் ஒண்டையொண்டு சூடாக்கிக்கொண்டு கிடக்கும், பெருவிரல் மட்டும் தனிய. இதுக்குப் பெயர் புவாலுக். சட்டையைத் தளர்வாகத்தான் வெட்டுவார்கள். கை தாங்கேலாமல் விறைச்சால் சட்டைக்கைக்குள்ளால கையை உள்ளே இழுத்து, வெறும் நெஞ்சில் வைச்சுச் சூடாக்கலாம். தையலிலேயே யோசிச்சு வைச்ச ஏற்பாடு அது.

இவ்வளவையும் பதப்படுத்தி, வெட்டி, தைச்சது பெரும்பாலும் பெண்கள். விலங்கின் தசைநாணில் எடுத்த நூலால், காற்றும் தண்ணியும் புகாத நெருக்கமான தையல். ஒரு தையல் பிரிஞ்சால் ஒரு விரல் போகும். வேட்டைக்குப் போனவர் திரும்பி வந்ததும் ஈரமான கையுறை குல்லிக் எண்ட கல்விளக்குக்கு மேல காயப் போகும். ஈரம் காற்றை விடப் பலமடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சும், காயாத கையுறையை விட ஆபத்தான சாமான் வேற இல்லை. அந்த விளக்கை அணையாமல் பார்த்துக்கொண்டதும் பெண்களே. விளக்கில் எரிஞ்சது சீல் கொழுப்பு.

இப்ப முழு வட்டமும் தெரியும். சீல் கிடைச்சால் கொழுப்பு, கொழுப்பு இருந்தால் விளக்கு, விளக்கு எரிஞ்சால் காய்ஞ்ச கையுறை, கையுறை காய்ஞ்சால் சூடான கை, கை சூடாக இருந்தால்தான் அடுத்த சீல். எங்க அறுந்தாலும் விறைக்கிறது விரல்தான். 'ஆண் வெளிய, பெண் உள்ள எண்ட பழைய பிரிவினையைப் புகழுறீங்களா?' எண்டு கேட்கலாம். இல்லை. இனுவிட் பெண்களும் வேட்டையாடினார்கள், அதுக்கு உதாரணம் கீழே வரும். உயிர் காத்த வேலையில் பாதியைத் 'துணை வேலை' எண்டு ஒதுக்கிவிட்டு, ஈட்டி பிடிச்ச கையை மட்டும் படம் பிடிக்கிறதைத்தான் நாங்கள் எதிர்க்கிறம்.

அப்பிடிப் படம் பிடிச்சதும் நடந்தது. 1922இல் வெளிவந்த 'நனூக் ஒஃப் த நோர்த்' வட கியூபெக்கில் இனுக்ஜுவாக் பக்கத்தில் எடுத்த படம். உலகம் முழுக்க ஒரு இனுவிட் வேட்டைக்காரரின் துணிச்சலைப் பார்த்துக் கைதட்டியது. ஏறக்குறைய முப்பது வருடம் கழிச்சு, 1953இலும் 1955இலும், கனேடிய அரசு அதே இனுக்ஜுவாக்கிலிருந்து குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி, சுமார் 2,000 கிலோமீற்றர் வடக்கே கிரைஸ் ஃபியோர்ட், ரெசொலூட் பே எண்ட இடங்களில் இறக்கியது. பொன்ட் இன்லெட்டிலிருந்தும் சில குடும்பங்கள். எல்லாமாகச் சுமார் 90 பேர். வேட்டை வளம் நல்லா இருக்கும், விருப்பமில்லாட்டி இரண்டு வருடத்தில் திரும்பலாம் எண்டு சொல்லப்பட்டது. திரும்புறதுக்கு வழி செய்யப்படவில்லை.

இனுக்ஜுவாக்கில் நடுக்குளிர்காலத்திலும் ஒவ்வொரு நாளும் சூரியன் எழும்பும். கிரைஸ் ஃபியோர்டில் ஏறக்குறைய மூன்று மாதம் எழும்பாது. இவர்கள் அப்பிடி ஒரு இருட்டை அதுக்கு முதல் கண்டதில்லை. எந்தப் பனி தாங்கும், சீல் எங்க வரும் எண்ட அறிவு முழுக்க ஊரிலேயே நிண்டுட்டுது. முதல் குளிர்காலம் கூடாரத்தில். உடுப்புக்குப் போதிய கரிபுத் தோல் இல்லை. மஸ்க் எருதைச் சுடத் தடை, கரிபு வேட்டைக்கும் மட்டுப்பாடு. வட்டத்தின் ஒவ்வொரு கண்ணியும் ஒரே நேரத்தில் அறுக்கப்பட்டது. அந்தப் படத்தை எடுத்த ரொபேர்ட் ஃபிளாஹர்ட்டியின் மகன் ஜோசெஃபியும் அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். அவரின் மகள் மார்த்தா, ஏழு வயசிலிருந்து சூரியன் இல்லாத அந்தக் குளிரில் குடும்பத்தோடு வேட்டைக்குப் போக வேண்டியிருந்ததையும், அதில் தன்ர பிள்ளைப் பருவமே போனதையும் பின்னாளில் ஆணைக்குழு முன் சாட்சியமாகச் சொன்னார். அந்தப் பிள்ளையிடம் போய் 'நல்ல கையுறை வாங்கு' எண்டு எவரும் சொல்ல முடியுமா?

பூர்வகுடி மக்கள் பற்றிய அரச ஆணைக்குழு 1994இல் இந்த இடமாற்றத்தைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. மன்னிப்பு 2010 ஓகஸ்ட் 18இல்தான் வந்தது. ஏற்றி இறக்கப்பட்டவர்களில் கனபேர் அதைக் கேட்க உயிரோடு இல்லை.

கையுறையை அறுக்கக் கப்பல் மட்டும்தான் வேணும் எண்டில்லை, சந்தையும் போதும். 1983இல் ஐரோப்பா வெள்ளைச் சீல் குட்டிகளின் தோலுக்குத் தடை போட்டது. இனுவிட் மக்கள் நம்பியிருந்தது அந்தக் குட்டிகளை இல்லை. ஆனாலும் சீல்தோல் எண்டாலே வாங்குவார் இல்லாமல் போய், விலை விழுந்தது. 2009இல் வந்த பெரிய தடையில் இனுவிட்டுகளுக்கு விலக்கு இருந்தது. ஆனால் செத்த சந்தையில் விலக்குக் கடிதம் என்ன செய்யும்? பெற்றோலுக்கும் ரவைக்கும் காசு அந்தத் தோலிலிருந்துதான் வந்தது. இதைப் பற்றி இனுவிட் இயக்குநர் அலெத்தியா ஆர்னகுக்-பரில் எடுத்த 'ஆங்ரி இனுக்' (2016) ஆவணப்படத்தைக் கட்டாயம் பாருங்கோ. விலங்கு உரிமை பற்றிக் கதைக்கிற எங்களைப் போன்ற ஆக்களுக்கு அது சங்கடமான படம். விலங்கு மேல அக்கறை வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லேல்லை. மரக்கறியே முளைக்காத பனிநிலத்தில், எல்லாமே விமானத்திலோ கோடைக்காலக் கப்பலிலோ வந்து இறங்குற ஊரில், ஒரு சமூகத்தின் சாப்பாட்டையும் உடுப்பையும் தூர இருந்து நியாயம் விசாரிக்க முதல் அவர்களைக் கேட்க வேணும்.

'இப்பதான் எல்லாம் மாறிட்டே, அவங்களும் ஸ்னோமொபைலில்தானே போறாங்க?' எண்டு கேட்பீங்கள். உண்மைதான். துவக்கு, தலைவிளக்கு, கடைக் கையுறை எல்லாம் அங்கயும் இருக்கு. இருக்கவும் வேணும். அவர்கள் அருங்காட்சியகப் பொம்மைகள் இல்லை. ஆனால் பற்றரி குளிரில் சீக்கிரம் இறங்கும், வாகனம் நடுப்பனியில் நிண்டால் திரும்பி வரக் கையும் கையுறையும் பனியை வாசிக்கத் தெரிஞ்ச மூளையும்தான் மிஞ்சும்.

எங்களுக்கு ஏன் இந்தக் கதை? எங்கட வீடுகளில் கனடா எண்டால் மாமா வீடு, சித்தி வீடு, பனிக்குள் நிண்டு எடுத்த படம். அகதியாகப் போன எங்கட ஆக்களுக்கு இடம் தந்த நாடு எண்ட நன்றி எங்களுக்கும் உண்டு. அதே நாடு தன்ர பூர்வகுடிகளை இடம்பெயர்த்த நாடு எண்டதையும் சேர்த்துத்தான் அதைப் படிக்க வேணும். ஊரை விட்டு எழும்புறது எண்டால் என்ன போகும் எண்டு எங்களுக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கிணறு போகும், காணி போகும், எந்தக் காற்றில் கடலுக்குப் போகலாம் எண்ட அறிவும் போகும். அடுத்த முறை ஒருத்தர் 'குளிரைத் தாங்கிறது மன உறுதியில இருக்கு' எண்டு சொன்னால், அந்தக் கையுறையைத் தைச்சது ஆர், அந்தத் தோல் எங்கிருந்து வந்தது, அந்த இடத்தில் அவரைக் கொண்டுபோய் விட்டது ஆர் எண்டு கேளுங்கோ.