மறு ஆய்வைப் பொய் என்பவர்களுக்கு

 

அண்மைக் காலமாக நம் குடும்பக் குழுமங்களில் ஒரு வாதம் வலம் வருகிறது. புதைபடிவ எலும்புகளை ஆராய்வோர் நேற்று ஒன்று சொல்கிறார்கள், இன்று அதையே மாற்றுகிறார்கள். ஆகவே அவர்கள் சொல்வது அனைத்தும் பொய் என்பதே அது. ஹதீஸ் கலை பயிலும் மாணவர் ஒருவரும் இதை நம்மிடம் பெருமையாகக் காட்டினார். நமக்கு வருத்தமே மிஞ்சியது.

அவர்கள் மாற்றிய செய்திதான் என்ன? 'மீன்பல்லி' எனும் பொருளுடைய இக்தியோசாரஸ் கடலில் வாழ்ந்த ஊர்வன. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் மேரி ஆனிங்கின் குடும்பத்தார் 1811, 1812 ஆண்டுகளில் கண்டெடுத்த எலும்புக்கூட்டை முதலில் ஆராய்ந்த எவரார்டு ஹோம் குழம்பினார். மீனுக்கு நெருக்கமானது என்று கருதியவர், 1819இல் நீர்ப்பல்லிக்கும் பல்லிக்கும் இடைப்பட்டது என்று வேறு பெயரிட்டார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. டால்பினைப் போன்ற உருவம், ஆனால் டால்பினுக்கு உறவில்லை.

உருவ ஒற்றுமை வம்ச ஒற்றுமை ஆகாது. இது நமக்குப் புதிய பாடமா? ஒரே பெயருடைய இரு அறிவிப்பாளர்களை ஒருவரென எண்ணி ஏமாறாதிருக்கவே கதீப் அல்பக்தாதி தனி நூல் எழுதினார். ஒரு ராவியைப் பற்றிய முடிவைப் பின்வந்த இமாம்கள் வேறு சான்றுகளைக் கண்டு திருத்தியதை நாம் தினமும் வகுப்பில் ஓதுகிறோம். அதனால் ஹதீஸ் கலையே பொய் என்று எவரேனும் சொன்னால் நாம் கொதிக்கிறோம். அதே தராசை மட்டும் அடுத்தவருக்கு ஏன் மாற்றுகிறோம்?

டான்காஸ்டர் அருங்காட்சியகத்தில் ஓர் இக்தியோசாரஸ் படிவம் வெறும் அச்சு நகல் என்று எண்ணப்பட்டுக் கிடந்தது. 2008இல் டீன் லோமாக்ஸ் என்ற இளைஞர் அதை உற்றுநோக்கி, அது அசல் என்று கண்டார். வயிற்றுப் பகுதியில் கணவாயின் கொக்கிகள்கூட எஞ்சியிருந்தன. பிறகு ஜூடி மஸ்ஸேருடன் சேர்ந்து பல அருங்காட்சியகங்களின் படிவங்களை ஒப்பிட்டார். மேற்கை எலும்பும் தொடை எலும்பும் மற்ற இனங்களிலிருந்து வேறுபட்டன. 2015இல்தான் அதைத் தனி இனமென்று அறிவித்து ஆனிங்கின் பெயரைச் சூட்டினர். ஏறத்தாழ ஏழாண்டுப் பொறுமை! ஒரு செய்தியை ஏழு நொடியில் பகிரும் நாம் அவர்களைப் பொய்யர் என்கிறோம்.

நம் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. அந்நாளைய திருச்சிராப்பள்ளி மாவட்டப் பாறைகளில் கிடைத்த சில முதுகெலும்புகளைக் கொண்டு 1879இல் லிடெக்கர் 'இந்திய இக்தியோசாரஸ்' என்று பெயரிட்டார். ஓர் இனத்தை வரையறுக்க அவை போதா என்று பின்வந்தோர் அந்தப் பெயரை ஒதுக்கினர். சான்று பலவீனமானால் பெயரும் விழுகிறது. நம் மொழியில் சொன்னால், அது ளயீஃப்.

பரிணாமம் குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்க்க நாம் இங்கு முற்படவில்லை. மறுப்பவர் எலும்பைப் பார்த்து மறுக்கட்டும். செய்தியைத் தீர விசாரிக்கப் பணிக்கும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆவது வசனம் நமக்குச் சாதகமான செய்திக்கு விலக்கு அளிக்கவில்லை.

2014இல் சீனாவின் அன்ஹுய் மாகாணத்திலிருந்து, சுமார் 24.8 கோடி ஆண்டுப் பழமையான, தரையிலும் ஊர்ந்திருக்கக்கூடிய குட்டை உடல் உறவினம் ஒன்று அறிவிக்கப்பட்டது. ஆனாலும் ஊர்வனவற்றின் எந்தக் கிளையிலிருந்து இக்தியோசார்கள் பிரிந்தன என்பதில் இன்னும் உடன்பாடில்லை. அதை அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை மாணவரிடம் காட்டினோம். பகிர்ந்ததை அவர் அன்றிரவே நீக்கினார்.